வராத கொப்பி

வியாழக்கிழமை கிளினிக்கில் ஒரே காலையில் தேவையான கையெழுத்து எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று நீங்கள் சொன்னபோது, கையில் இருந்த தேநீர்க் கோப்பையை நான் கீழே வைத்துவிட்டேன். நீங்கள் மூன்று பேரும் அதைக் கவனிக்கவில்லை. கடமை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள், தாதிச் சீருடைகூட மாற்றவில்லை. இரத்தப் பரிசோதனைக் கூடத்தைத் தனியாருக்குக் கொடுக்கக்கூடாது, வார்ட்டில் வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று வடிவாகத் தட்டச்சு செய்த மனு. முதல் கையெழுத்து ஓய்வுபெற்ற சிஸ்டருடையதாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு வந்திருந்தீர்கள். நான் பேனாவை எடுக்காமல் ஒரு கேள்வி கேட்டேன். போன வியாழக்கிழமை யாருடைய கொப்பி வரவில்லை? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தீர்கள். கிழவிக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்று உங்களில் ஒருத்தி நினைத்தது அவள் முகத்திலேயே தெரிந்தது.

எனக்குக் கோபம் இல்லை. உங்கள் வயதைத் தாண்டிய பிறகும் நான் அப்படித்தான் இருந்தேன், எதையும் ஒரே காலையில் முடித்துவிட வேண்டும். அன்றைக்கே வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கதைக்கத் தொடங்கினால் பாலம் தாண்டி எங்கேயோ போய் நிற்பேன் என்று என் வீட்டிலேயே பகிடி பண்ணுவார்கள். ஆகவே எழுதுகிறேன். ஆறுதலாக வாசியுங்கள்.

ஓய்வுபெறுவதற்கு முந்திய சில வருடங்கள், எங்கள் ஆஸ்பத்திரியில் இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. சிறுநீரகம் பழுதான ஆட்களை இயந்திரத்தில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற இடம். சனங்கள் அதை மெசின் அறை என்பார்கள். நாலு இயந்திரம் இருந்தது, அதில் ஒன்று எப்போதும் பழுது. அதோடு எங்கள் தொழிற்சங்கக் கிளையின் செயலாளரும் நான்தான். திறமை பார்த்து யாரும் தெரிவுசெய்யவில்லை. கூட்டத்தின் நடுவில் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தேன், திரும்பி வந்தபோது எனக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மெசின் அறைக்கு வருகிறவர்களில் ஒருவர் எமிலியம்மா. ஊர் விடத்தல்தீவு. திங்களும் வியாழனும் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். தன்னுடைய நோயும் மருந்தும் எழுதிய கிளினிக் கொப்பிக்குப் பொலித்தீன் உறை போட்டு, அட்டைக்குள் மடு மாதாவின் படம் ஒன்றைச் செருகியிருப்பார். கூட வருகிறவன் மகன் அன்ரன். கடலுக்குப் போகிற பிள்ளை. தாய்க்கு முறை உள்ள நாட்களில் தொழிலை விட்டுவிட்டு வந்து, கதவுக்கு வெளியே வாங்குப் பலகையில் இருப்பான். யாரோடும் அதிகம் கதைக்கமாட்டான். தாயை இப்படிப் பார்க்கிற பிள்ளை கிடைக்க வேண்டுமே என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

ஒரு திங்கட்கிழமை, இரண்டு தாதிகள் நிற்க வேண்டிய முறையில் துஷ்யந்தி மட்டும்தான் நின்றாள். வேலைக்கு வந்து ஏழு மாதம். மற்றவளை ஆள் போதாது என்று காலையிலேயே வேறு வார்ட்டுக்கு எடுத்துவிட்டார்கள். அதற்குச் சம்மதம் என்று தாளில் ஒப்பம் வைத்தவள் நான். அன்று இரண்டு இயந்திரம்தான் ஓடியது. எமிலியம்மாவின் முறை வந்த நேரம், வார்ட்டில் இருந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்த ஓர் ஆளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவரைத்தான் முதலில் போடவேண்டும், யார் நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் ஏன் அப்படி என்று வெளியே போய்ச் சொல்ல இரண்டாவது ஆள் இல்லை. ஆறரைக்கு வந்த தாயும் மகனும் பதினொரு மணிவரை காரணம் தெரியாமல் இருந்தார்கள். தாய்க்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் அன்ரன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

"வெளியிலை நில்லுங்கோ, இப்ப உள்ளை வரேலாது," என்று துஷ்யந்தி சொல்லியிருக்கிறாள். அவனைத் திரும்பிப் பார்க்காமலே சொல்லியிருக்கிறாள், ஏனென்றால் அவளுடைய கை நோயாளியின் ஊசியில் இருந்தது. அவன் தோளில் பிடித்து இழுத்து அடித்தான். அவள் அலுமாரி மூலையில் மோதி விழுந்தாள். சத்தம் கேட்டு நான் ஓடிவந்தபோது புருவத்துக்கு மேலே பிளந்து, வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்க இரத்தம். விழுந்தவள் எழும்பி வந்து, அந்த நோயாளியின் கையில் ஊசி விலகாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். 

பொலிஸ் வந்து அன்ரனைக் கூட்டிக்கொண்டு போனது. துஷ்யந்திக்கு ஐந்து தையல். மத்தியானத்துக்குள், அவசர சிகிச்சை தவிர்ந்த மற்ற வேலைகளை எல்லாம் நிறுத்தினோம். அதைப் பிழை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். வேலைக்கு வருகிற பிள்ளை அடி வாங்கிக்கொண்டு பேசாமல் போகவேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லமுடியாது. ஆனால் வெளியே வாங்கில் எமிலியம்மா இருந்தார். மகனைப் பொலிஸ் கொண்டுபோன திசையையே பார்த்துக்கொண்டு, கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"அவவை இண்டைக்குப் போடக்கூடாது சிஸ்டர். அவவின்ரை மகன்தானே அடிச்சவன்," என்று எங்கள் ஆட்களில் ஒருத்தி சொன்னாள். சொன்னவள் கெட்டவள் இல்லை. துஷ்யந்தியின் முகத்தைத் துடைத்த ஈரம் அவளுடைய கையில் இன்னும் காயவில்லை. நான் துஷ்யந்தியிடம் போனேன். தலையில் கட்டோடு கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"போடுங்கோ சிஸ்டர்," என்றாள். "ஆனா நான் போடமாட்டன்."

நான்தான் போட்டேன். அந்த ஒரு விஷயத்தில் என்மேல் எனக்குக் குறை இல்லை. குறை பிறகுதான் வந்தது.

அதன் பிறகும் எமிலியம்மா வந்தார், தனியே. மகன் பிணையில் வெளியே வந்திருந்தான், ஆனால் ஆஸ்பத்திரிப் பக்கம் போகக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த அம்மாவுக்குச் செய்யவேண்டிய எதிலும் எங்கள் ஆட்கள் குறை வைக்கவில்லை. முறை தவறவில்லை, மருந்து தவறவில்லை. கதைப்பதுதான் இல்லை. நாலு மணித்தியாலம் இயந்திரத்தோடு கிடக்கிற மனுசியிடம் சாப்பிட்டீங்களோ என்று கேட்க ஒருவரும் இல்லை. நானும் கேட்கவில்லை. செயலாளர் அல்லவா, மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று எனக்குப் பயம். அப்படி மூன்று கிழமை, வாரத்துக்கு இரண்டு முறை, அவரை நடத்தினோம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அந்த நாட்களில்தான் மேலிடத்தில் இருந்து ஒரு கடிதம் வந்தது. மெசின் அறையை ஒரு கொம்பனியின் கையில் கொடுக்கும் யோசனை இருக்கிறதாம். புது இயந்திரங்கள் வருமாம், கொம்பனியே ஆட்களைப் போடுமாம், வாசலில் சீருடை போட்ட காவலாளர் இருவர் நிற்பார்களாம். இப்போது வருகிற நோயாளிகளுக்கு ஒரு வருடம் இலவசம், அதன்பிறகு நியாயமான கட்டணம். இதற்கெல்லாம் காரணம் என்று முதல் வரியில் எங்களைத்தான் எழுதியிருந்தார்கள். உத்தியோகத்தர்களின் பாதுகாப்புக்காக என்று.

சங்கக் கூட்டத்தில் பாதிப் பேருக்குச் சந்தோசம். "காவலுக்கு ஆள் வந்தால் நல்லதுதானே, நிம்மதியா வேலை செய்யலாம்," என்றார்கள். உண்மையைச் சொன்னால் என் மனமும் ஒருதரம் அந்தப் பக்கம் சாய்ந்தது. இரத்தம் பட்ட சட்டையைக் கண்ட பிறகு யாருக்கும் சாயும். துஷ்யந்தி அப்போது மருத்துவ விடுமுறையில் இருந்தாள். கூட்டத்துக்கு மட்டும் வந்து பின்வரிசைக் கதிரையில் இருந்தவள், எழும்பி நின்றாள்.

"வாசல்லை காவல் இல்லாததாலை எனக்கு அடி விழேல்லை," என்றாள். "உள்ளுக்கு இன்னொரு நர்ஸ் இல்லாததாலை விழுந்தது. நிண்டிருந்தால், அவ வெளியிலை போய், கொஞ்சம் பொறுங்கோ, இதுதான் காரணமெண்டு சொல்லியிருப்பா. கொம்பனி எங்களுக்கு இன்னொரு நர்ஸ் தருமோ, இல்லாட்டி இருக்கிறதையும் குறைக்குமோ?"

அந்த இடத்தில்தான் எங்கள் கோரிக்கை உருவானது. மெசின் அறை அரசாங்கத்தின் கையில் இருக்கவேண்டும், ஒவ்வொரு முறைக்கும் இரண்டு தாதிகள் கட்டாயம் நிற்கவேண்டும், காத்திருக்கிற ஆட்களுக்குக் காரணம் சொல்ல ஒருவர் வேண்டும். மாகாணக் கந்தோரில் இருந்து அதிகாரி ஒருவர் விசாரிக்க வருவதாக இருந்தது, அடுத்த கிழமை திங்கள். மனுவுக்குச் சனங்களின் கையெழுத்து வேண்டும். எங்களிடம் நேரம் இல்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. உங்களுக்கு வந்த அதே யோசனை.

கிளினிக் எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் ஒருதரம் வெளியே இருக்கிற ஆளின் பக்கம் நின்று பாருங்கள். அவருடைய நோய் வருத்தம், மருந்து, அடுத்த திகதி எல்லாம் அந்தக் கொப்பிக்குள்தான். வியாழக்கிழமை என்றால் மெசின் அறைக்கு வருகிறவர்கூடக் காலையில் வந்ததும் அதைக் கூடைக்குள் போட்டுவிட்டு வாங்கில் இருக்கிறார். பெயரைக் கூப்பிட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்வரை அவரிடம் ஒன்றும் இல்லை. கொப்பி இல்லாவிட்டால் டொக்டர் இல்லை, மருந்து இல்லை, பஸ் ஏறி வந்தது வீண். நான் என்ன செய்தேன் என்றால், அந்த வியாழக்கிழமை கொப்பி கொடுக்கிற மேசையில் மனுவை வைத்தேன். பெயர் கூப்பிட்டதும் ஆள் வருவார், ஒரு தாதிப் பிள்ளை இரண்டு வசனத்தில் விளக்கம் சொல்லுவாள், அவர் ஒப்பம் வைப்பார், கொப்பியை வாங்கிக்கொண்டு போவார். எனக்கு என் கெட்டித்தனத்தில் பெரிய புளுகம், சந்தோசம்.

கொப்பியைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிறவர் ஓர் அற்றன்டன், ஆஸ்பத்திரிச் சிற்றூழியர். தன் பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். பதவியில் எனக்குக் கீழே, வயதிலும் எனக்கு இரண்டு வருடம் இளையவர். இந்த வேலையில் எனக்குப் படிப்பித்தவர்கள் என்று சில டொக்டர்மாரைச் சொல்லுவேன், ஆனால் முதலில் இவரைச் சொல்லிவிட்டுத்தான் அவர்களைச் சொல்லவேண்டும். வருடக்கணக்காகப் பெயர்களைக் கூப்பிட்டு, யார் எந்த ஊர், யாருக்கு யார் துணை, யார் பஸ்ஸில் வருகிறார், யார் உழவு மெசினில் தொற்றிக்கொண்டு வருகிறார் என்று எல்லாம் அவருக்குத் தெரியும்.

அவர் மேசையில் இருந்த தாளைப் பார்த்தார். "சிஸ்டர், கொப்பியோடை இது வேண்டாம். சனம் பயத்திலை வைக்கும்."

"என்ன பயம்? விளங்கப்படுத்தித்தானே வாங்குறம்."

"கொப்பி எங்கடை கையிலை இருக்கேக்கை நாங்கள் எதைச் சொன்னாலும் அதுகளுக்கு விளங்காது."

"நேரம் இல்லை. நீங்கள் கூப்பிடுங்கோ," என்றேன்.

அவர் கூப்பிட்டார். தாள் தாளாக நிரம்பியது. இடையில் ஒருதரம் என் அருகே வந்து, "எமிலியம்மாவின்ரை கொப்பி இண்டைக்கு வரேல்லை. திங்களும் அவ வரேல்லை," என்றார்.

"பஸ் பிழைச்சிருக்கும். பிறகு பாப்பம்," என்றேன். அந்த நேரம் நான் ஐந்தாவது தாளை மற்றத் தாள்களோடு அடுக்கிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக் கூட்ட அறையில் விசாரணை. அதிகாரி அமைதியான மனிதர், எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள்தான். மனுவைக் கடைசி வரிவரை வாசித்தார். பிறகு கையெழுத்துத் தாள் ஒன்றை எடுத்து, அதில் ஒரு பெயரைச் சொல்லி, ஆள் வந்திருக்கிறாரா என்று கேட்டார். கூட்டத்தைப் பார்க்க வந்திருந்த, வயல் செய்கிற ஒரு கமக்காரர் எழும்பினார். வெள்ளாங்குளத்தில் இருந்து நீரிழிவுக்கு மருந்து எடுக்க வருகிறவர்.

"ஐயா, இதிலை என்னத்துக்கு ஒப்பம் வைச்சனீங்கள்?"

அவர் எங்களுக்கு உதவி செய்கிற எண்ணத்தில் சத்தமாகச் சொன்னார். "மருந்து தாறதுக்கு எண்டு வைச்சனான் ஐயா."

அதிகாரி இன்னொரு பெயரை வாசித்தார். ஒரு பெண் எழும்பி, கொப்பி திருப்பித் தரவேண்டும் என்றால் வைக்கவேண்டும் என்று நினைத்ததாகச் சொன்னாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. தாள்களை ஒழுங்காக அடுக்கி என்னிடமே திருப்பித் தந்தார்.

"சிஸ்டர், இதை நான் மேலை குடுத்தால் உங்களுக்குத்தான் அவமானம். இரண்டு கிழமை தாறன். சனத்துக்கு வேணுமெண்டால் சனம் சொல்லட்டும்."

வெளியே நடைபாதையில் சுவரோடு சாய்ந்து நின்று அழுதேன். அற்றன்டன் என்னைத் தேடி வந்தார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லப்போகிறார் என்று நினைத்து, சொல்லட்டும், வாங்கிக்கட்டவேண்டியதுதான் என்று நின்றேன்.

"எமிலியம்மா இண்டைக்கும் வரேல்லை," என்றார். "பதினொரு நாள் சிஸ்டர்."

பதினொரு நாள் இயந்திரத்தில் போடாமல் இருந்தால் உடம்பு என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கையெழுத்து எடுத்துக்கொண்டிருந்தது யாருடைய கட்டிலுக்காகவோ, அந்த மனுசியின் கட்டில் எனக்குப் பக்கத்திலேயே வெறுமையாகக் கிடந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வான் ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். தன் மச்சானின் வான் கேற்றடியில் ஏற்கெனவே நிற்கிறது என்றார். விசாரணைக்கு வந்திருந்த துஷ்யந்தி பின்னால் நின்று எங்கள் கதையைக் கேட்டிருக்கிறாள்.

"நானும் வாறன்," என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் அதற்குள் வானில் ஏறிவிட்டாள். நேரே விடத்தல்தீவுக்குப் போனோம்.

எமிலியம்மா விறாந்தையில் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறபடியால் இரண்டு நாளாகக் கதிரையிலேயே இருந்திருக்கிறார். முகமும் கையும் ஊதிப்போயிருந்தன. முற்றத்தில் வலையோடு நின்ற அன்ரன் எங்களைக் கண்டதும் கையில் இருந்ததைக் கீழே போட்டான். ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"கொம்பனிக்குக் குடுக்கப்போகினமாமே," என்றார், ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று மூச்சு எடுத்து. "என்ரை மகன் அடிச்சதாலைதானாம். பஸ்ஸிலை கதைச்சவை. அங்கை ஒருத்தரும் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. அது நியாயம்தானே சிஸ்டர். என் ஒருத்தியாலை எல்லாருக்கும் கஷ்டம். மாதா கூப்பிட்டால் போவம் எண்டு இருந்திட்டன்."

துஷ்யந்தி முன்னால் போய் நிலத்தில் இருந்து, அந்தக் காலைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது, நிரம்பவேயில்லை. அவளுடைய புருவத் தழும்பு அந்த அம்மாவின் கண்ணுக்கு நேரே இருந்தது.

"உப்புக் கருவாடு சாப்பிட்டனீங்களோ?"

"இரண்டு துண்டு, பிள்ளை."

"உங்களுக்கு எத்தினை தரம் சொல்லுறது? எழும்புங்கோ."

அன்ரன் கிட்ட வந்தான். "மிஸி," என்று தொடங்கினான்.

"அதை வழக்கு நாளிலை கதைப்பம்," என்றாள் அவள், நிமிர்ந்து பார்க்காமல். "இப்ப அம்மாவைத் தூக்குங்கோ."

அவன் தாயைத் தூக்கி வானில் இருத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரமுடியாமல் தெருவில் நின்றான். நாலு மணிக்குள் எமிலியம்மாவை இயந்திரத்தில் போட்டோம். போட்டவள் துஷ்யந்தி. விடுமுறை இன்னும் ஐந்து நாள் மிச்சம் இருந்தது, கந்தோரில் அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் திண்டாடினார்கள். போட்டதோடு நிற்காமல் பக்கத்தில் இருந்து, கருவாட்டில் தொடங்கி ஊரில் யாருக்குக் கலியாணம் என்பதுவரை வாய் ஓயாமல் கதைத்தாள். முதலில் ஒருத்தி வந்து அந்தக் கதையில் சேர்ந்தாள், பிறகு இன்னொருத்தி. நான் ஒரு மூலையில் நின்று, இதைச் செய்ய எனக்கு மூன்று கிழமை இருந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் பழைய தாள்கள் எல்லாவற்றையும் கிழித்தேன். சங்கத்தில் சிலருக்குக் கோபம். இனி எங்கே போய் வாங்குவது என்று கேட்டார்கள். "கொப்பி கையிலை இல்லாத இடத்துக்குப் போவம்," என்றார் அற்றன்டன். இரண்டு கிழமையும் அப்படித்தான் போனோம். சீருடை போடவில்லை. ஆஸ்பத்திரிக்குள் ஒரு கையெழுத்தும் எடுக்கவில்லை. ஒரு வீட்டுக்குப் போனால் விஷயத்தைச் சொல்லித் தாளை அங்கேயே விட்டுவிட்டு வருவோம், இரண்டு நாள் கழித்துப் போய் எடுப்போம். சில தாள்கள் வெறுமையாகத் திரும்பி வந்தன.

முதலில் போனது வெள்ளாங்குளத்துக் கமக்காரரிடம், மன்னிப்புக் கேட்க. அவர் வயலில் நெல்லுச் சூடு அடித்துக்கொண்டிருந்தார். "உங்களைச் சபையிலை மாட்டிவிட்டிட்டன் போலை, எனக்கு இரண்டு நாள் நித்திரையில்லை," என்று அவர்தான் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். இன்னோர் ஊரில் ஒரு பெண் எங்களை வாசலிலேயே மறித்தாள். "வார்ட்டிலை வந்து நிண்டால் எங்களை எடி, வாடி எண்டு கதைக்கிறியள். இப்ப கையெழுத்துக்கு அக்கா, தங்கச்சியோ?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் அவள் சொன்னது உண்மை. யார் அப்படிக் கதைத்தது, எந்த வார்ட், எப்போது என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தோம். அவள் ஒப்பம் வைக்கவில்லை. ஆனால் தேநீர் தந்தாள்.

விடத்தல்தீவில் ஞாயிறு பூசை முடிந்து சனம் கோயில் முற்றத்தில் நின்றபோது, பங்குச் சுவாமியிடம் கேட்டுக்கொண்டு நான் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அன்ரன் முன்னுக்கு வந்தான். கையைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்துக் கதைத்தான்.

"அடிச்சவன் நான்தான். எல்லாருக்கும் தெரியும். அண்டைக்கு உள்ளுக்கு அந்த மிஸி தனியத்தான் நிண்டவ. எனக்கு அது தெரியாது. தெரிஞ்சிருந்தால் அடிச்சிருக்கமாட்டன் எண்டு சொல்லி நான் தப்பப் பாக்கேல்லை. ஆனா அம்மாவுக்கு அந்த மெசின் வேணும். உங்களுக்கும் ஒருநாள் வேணும்."

துஷ்யந்தி பெண்களுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் என்னால் எதையும் வாசிக்க முடியவில்லை. வழக்கை அவள் கடைசிவரை வாபஸ் வாங்கவில்லை. அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றான். அதுவும் சரிதான். மன்னிப்பது அவளுடைய விருப்பம், அதை அவளிடம் கேட்க எங்களில் யாருக்கும் உரிமை இல்லை.

இரண்டாம் விசாரணைக்கு நாங்கள் கொண்டுபோனது முந்தியதில் பாதிகூட இல்லை. அதிகாரி தாளைப் புரட்டினார், முதல் தடவை செய்தது போலவே ஒரு பெயரை வாசித்தார். அது எமிலியம்மாவின் பெயர். முன்வரிசையில் இருந்தவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். என்ன சொல்லவேண்டும் என்று நாங்கள் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அம்மா, என்னத்துக்கு ஒப்பம் வைச்சனீங்கள்? மருந்துக்கோ?"

"இல்லை ஐயா," என்றார். "எனக்கு மெசின் போடுற பிள்ளையை என்ரை மகன் அடிச்சவன். அந்தப் பிள்ளை இனித் தனிய நிக்கக்கூடாது. அதுக்குத்தான் வைச்சனான்."

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. அதிகாரி அடுத்த பெயரை வாசிக்கவில்லை. தாள்களை ஒரு கோப்புக்குள் வைத்து, அதைத் தன் பையில் வைத்தார். துஷ்யந்தி எழும்பி அறைக்கு வெளியே போய்விட்டாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

மெசின் அறையைக் கொம்பனிக்குக் கொடுக்கும் யோசனையை ஒத்திவைத்தார்கள். கைவிட்டதாக யாரும் எழுதித் தரவில்லை, அதனால்தான் இன்றைக்கு அது பரிசோதனைக் கூடம் என்ற பெயரில் உங்களிடம் வந்து நிற்கிறது. இரண்டாவது தாதி வர நாலு மாதம் பிடித்தது. எமிலியம்மா அதன்பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தார். வேறு வருத்தம் வந்து, வீட்டில்தான் போனார். அடக்கத்துக்கு எங்கள் பிரிவில் கடமை இல்லாத எல்லோரும் போனோம். துஷ்யந்தி அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்தாள். பதினொரு நாள் இடைவெளி விழுந்த பக்கத்துக்குப் பிறகு ஒரு முறைகூடத் தவறியிருக்கவில்லை.

இப்போது உங்கள் மனுவுக்கு வருகிறேன். அதில் எழுதியிருக்கிற ஒவ்வொரு வரியோடும் எனக்குச் சம்மதம். உங்களுக்கு அடி விழக்கூடாது, அந்தக் கூடம் சனத்திடம் இருந்து போகக்கூடாது, இரண்டும் ஒரே கோரிக்கைதான். ஆனால் வியாழக்கிழமை அந்தத் தாளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். வியாழக்கிழமை வேறொன்று செய்யுங்கள். பெயர் எல்லாம் கூப்பிட்டு முடிந்து கூடை வெறுமையானதும், வராத கொப்பி யாருடையது என்று பாருங்கள். அந்த வீட்டைத் தேடிப் போங்கள். அவர் ஏன் வரவில்லை என்று உங்களுக்குத் தெரிந்த பிறகு என்னிடம் வாருங்கள், எந்த நாளும் வரலாம். தாள் என் மேசையில்தான் இருக்கிறது, பேனாவை அதன்மேல் வைத்திருக்கிறேன்.